கூழாங்கல் தைத்த கவுன்

கலேவெலயில் படிப்பிக்கும் வேலை கிடைத்த பிறகு பஸ்ஸில்தான் போய்வருகிறேன். சைக்கிளில் போகிற தூரமில்லை. ஓரத்து ஆசனத்தில் இருந்தால் என் வலது கை தானாக வெளியே நீளும். "கைய உள்ளுக்கு எடுங்க டீச்சர்," என்பார் கொண்டக்டர். எடுத்துவிடுவேன். ஆனால் மனசு, சின்ன வயதில் பள்ளிக்குச் சைக்கிள் மிதித்த பலாபத்வல வீதியில் போய் நிற்கும்.

அங்கே காலையில் மாத்தளை பஸ்ஸில் ஆண்கள் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அது முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்தார். சாரதி யாராவது குறை சொன்னால் சைக்கிளும் நிற்கும், படிப்பும் நிற்கும் என்றும் சொல்லியிருந்தார்.

திரும்புவதற்குக் கையை நீட்டவும், நிற்பதற்குக் கையை மேலும் கீழும் அசைக்கவும் எனக்குத் தெரியும். கவுனைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை. லொறி கடக்கும்போதெல்லாம் அது காற்றில் எழும்பும். கை போய் அழுத்தும். ஒருநாள் அப்படி அழுத்தியதைப் பார்த்து, நான் நிற்கப்போகிறேன் என்று நினைத்துப் பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டது. மிதிபலகையில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவர்களில் அப்பாவும் ஒருவர்.

சிங்களச் சாரதி தலையை வெளியே நீட்டினார். கோபப்படவில்லை; தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல்தான் சொன்னார்: "நங்கி, நீங்க கையில சொல்றத நம்பித்தான் நான் ஓட்றது. சும்மா காட்ட வாணாம்."

மாலையில் அப்பா சைக்கிளைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். பிழை கையில் இல்லை, கவுனில்தான் என்றேன். அம்மா ஓடைக்குப் போய்ச் சின்னக் கூழாங்கற்கள் பொறுக்கி வந்து, கவுன் விளிம்பை மடித்து உள்ளே வைத்துத் தைத்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள் விட்டுப் பாருங்க. நீங்களும் அந்த பஸ்லதானே போறீங்க."

மறுநாள் கற்கள் காலில் தட்டிக்கொண்டே வந்தன. கவுன் எழும்பவில்லை. பள்ளித் திருப்பத்தில் பின்னால் அதே பஸ். திரும்பிப் பார்த்துவிட்டு வலது கையை நேராக நீட்டினேன். பஸ் நின்றது. சாரதி கையை வெளியே விட்டு, போ என்று அசைத்தார். தொற்றிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும், அப்பாவும்தான், நான் திரும்பி முடியும்வரை காத்திருந்தார்கள்.

அன்று மாலை அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார்.

இப்போது பஸ்ஸில் எனக்கு எழும்பி இடம் தருகிறார்கள். ஆனாலும், என் ஒரு கைக்காக ஒரு பஸ் முழுதும் காத்து நின்ற அந்தத் திருப்பத்தை இன்னொரு தரம் மிதித்துக் கடக்க வேண்டும் போலிருக்கிறது.