பெரியப்பா கைதட்டவில்லை

பெரியப்பாமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளை அடித்து இணைக்கும் வேலையில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றதும் குவீன்ஸ்டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் முன்னால் அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். சந்தையில் என்ன மீன் வாங்குவது என்பதிலிருந்து அண்ணன் என்ன படிப்பது என்பதுவரை பெரியப்பா தலையசைக்க வேண்டும்.

அப்பா கேட்டால் பதில் வரும். அண்ணன் கேட்டால் வரும். நானோ அம்மாவோ கேட்டால், எங்களுக்குப் பின்னால் சுவரில் பல்லி ஓடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். "பெரியப்பா, காப்பி வேணுமா?" என்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்த பிறகு, புதிதாக உடைந்திருந்த குரலில் அண்ணன் உள்ளேயிருந்து அதையே கேட்பான். "கொண்டா" என்பார். கொண்டுபோய் வைப்பது நான்தான்.

எனக்குப் பத்து வயதானபோது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நான் கலந்துகொண்ட பேச்சுப் போட்டி நடந்தது. பெரியப்பாவும் வருகிறார் என்றதும் எனக்கு ஒரே குஷி. வீட்டில் என்னைக் கவனிக்காமல் தப்பிக்கலாம், அத்தனை பேர் நடுவில் எப்படித் தப்பிப்பார்?

ஒலிபெருக்கி தலைமை தாங்கியவருக்கு மட்டும். பிள்ளைகள் தொண்டையை நம்பிப் பேச வேண்டும். முதல் வரிசையில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தே முழுவதையும் பேசினேன். அவர் நெற்றியைச் சுருக்கி என் வாயையே உற்றுப் பார்த்தார். முடித்ததும் மண்டபமே கைதட்டியது. அவர் கைகள் குடைப்பிடியை விட்டு அசையவில்லை.

அடுத்து உயர்நிலைப்பள்ளிப் பையன் ஒருவன் வந்தான். குறளைப் பாதியில் மறந்து, கூரையைப் பார்த்துவிட்டு, வேறு குறளுக்குத் தாவினான். ஆனால் குரல் மட்டும் முரசு. பெரியப்பா பலமாகத் தட்டினார். அப்பா பக்கம் சாய்ந்து, "பய நல்லாப் பேசுறான்" என்றார்.

பரிசு எனக்குத்தான் கிடைத்தது. அதனால் என்ன?

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன். "பெரியப்பா, எனக்கு மட்டும் ஏன் கைதட்டல?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்னும் சத்தமாகக் கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா என் தொடையில் கிள்ளி, "பெரியவங்கள அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. வாய மூடு" என்றாள்.

"விடு லா, அவரு அப்படித்தான்" என்றான் அண்ணன்.

சீனக் கண்டக்டர் வந்து கரகரத்த குரலில் மலாயில் ஏதோ கேட்டார். பெரியப்பா சட்டென்று திரும்பிப் பதில் சொன்னார். முன்பின் தெரியாத கண்டக்டருக்குப் பதில் உண்டு, எனக்கு இல்லை! அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். அதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் உயர்நிலைப்பள்ளி முடிப்பதற்குள் இறந்தும் போனார்.

பிறகு ஆசிரியர் பயிற்சியில் உளவியல் படித்தேன். புலனுணர்வும் முதுமையும் என்று ஒரு பாடம். வயதானால் காது ஒரேயடியாக அடைத்துப்போவதில்லையாம். பெரும்பாலும் உச்சஸ்தாயியில் வரும் கீச்சு ஒலிகள்தான் முதலில் மங்கும். பெண்களும் பிள்ளைகளும் பேசுவது தெளிவில்லாமல் போகும். தடித்த ஆண்குரல் தங்கும். இரைச்சலில் உழைத்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "பெரியப்பாவுக்கு நம்ம குரல் கேட்டிருக்காதும்மா. வெளிய சொல்ல வெக்கப்பட்டிருப்பாரு. இத்தனை வருசமா உங்க யாருக்குமே தெரியலையா?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்படிடி தெரியும்? ஆம்பள பதில் சொல்லலன்னா காது கேக்கலன்னா நினைப்போம்?"

பஸ்ஸில் நான் ஒரு மனிதர்மேல்தான் கோபப்பட்டேன். அவர் காது போனதுகூட வெளியே தெரியாத அளவுக்கு, பெண்களுக்குப் பதில் வராதது எங்கள் வீட்டில் வழக்கமாக இருந்தது என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.