ஓடுபாதையில் கடலைக்காய்

எருமப்பட்டியில் நான் ரேடியோ ஆபரேட்டராகச் சேர்ந்த இரண்டாவது வாரம். பருத்திக்கு மருந்து தெளிக்க விமானம் வந்திருந்த வருடம் அது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், எங்கள் ஓடுபாதை முழுக்கக் கடலைக்காய் காய்கிறது!

குற்றம் எங்களுடையதுதான். தரிசு நிலத்தை ரோடு ரோலர் விட்டு இறுக்கி வழவழவென்று வைத்தால், எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் அதைக் களம் என்றுதான் நினைப்பார்கள். காய் பரப்பிக்கொண்டிருந்த பழனியம்மாளிடம் போய்க் கத்தினேன்.

“ஏஞ்சாமி இப்பிடிக் கத்தறீங்க? ஏரோப்பிளேன்தான் காலையிலயே போயிருச்சே. களம் சும்மாத்தான கெடக்குதுன்னு கொட்டுனோமுங்க.”

“போனது திரும்பி வராதுங்களாம்மா?”

“அய்யோ! மறுக்காவும் வருமுங்களா?”

விமானம் அப்போது கொல்லிமலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓட்டியவர் கேப்டன் ராவ். சக்கரத்தடியில் காய் உருண்டால் விமானம் கவிழும். சிவப்புக் கொடி காட்டினால் இறங்க மாட்டார். ஆனால் பெட்ரோல் தீர்கிற நேரத்தில் வருகிற மனுஷன் வேறு எங்கே போவார்? முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சிக்கல் இதுதான். ராவின் விமானத்தில் வி.எச்.எஃப். செட் மட்டும். அது மலையைத் தாண்டிப் பேசாது. என் மேசையில் இருந்தது எச்.எஃப். செட். ஊர் விட்டு ஊர் பேசும், ராவுக்குக் கேட்காது. இரண்டு செட்டும் உள்ள ஒரே விமானம் கேப்டன் மேனனுடையது. அது கரும்புக்கு மருந்தடிக்க ஜேடர்பாளையத்தில் நின்றது. அங்கே ஆபரேட்டர் நல்லசிவம் அண்ணனிடம் எச்.எஃப். உண்டு. கூப்பிட்டேன்.

“அண்ணா, மேனன் சாரை உடனே மேல ஏறச் சொல்லுங்க. ராவ் சாருக்குச் சேதி சொல்லணும்.”

“டேய், இப்பத்தான் மருந்து ஊத்தீட்டிருக்காங்கடா!”

“ஊத்துன வரைக்கும் போதுங்ண்ணா. இங்க பாதை பூரா கடலைக்காய்.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் என் ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஆனால் கேலியை முடித்துக்கொண்டு மேனனை அனுப்பிவிட்டார்.

மேனன் மலை மறைக்காத உயரத்துக்கு ஏறினார். நான் எச்.எஃப்.பில் சொன்னதை அவர் வி.எச்.எஃப்.பில் ராவுக்குச் சொன்னார். பயிற்சியில் படித்தபடி, “பாதை அடைப்பு, இறங்க வேண்டாம்” என்று அனுப்பினேன். பதில் அதே வழியில் திரும்பியது. ராவிடம் இருபது நிமிடப் பெட்ரோல்தான் இருக்கிறது, வேறு இடம் போக முடியாது. அத்தனை காயையும் இருபது நிமிடத்தில் யார் அள்ளுவது?

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பழனியம்மாள், “ஏனுங்க, எத்தன அகலம் வேணும்னு அவரையே கேளுங்களே. முழுசும் எதுக்குங்க?” என்றார்.

அட, எனக்கு ஏன் இது தோன்றவில்லை! வெட்கத்தோடு கேள்வியை அனுப்பினேன். மேனன் வழியாக ராவின் பதில் வந்தது: நடுவில் முப்பது அடி போதும், ஓரத்தில் மேடாகக் குவிக்க வேண்டாம், இறக்கை தட்டும்.

பழனியம்மாள் ஒரு குரல் கொடுத்தார். சீமாறும் பலகையுமாக ஊரே இறங்கியது. நானும் ஓடினேன். “நீங்க போயிப் பேசற வேலையப் பாருங்க சாமி” என்று விரட்டிவிட்டார். நடுப்பகுதி சுத்தமானதும் சொன்னேன். அது மேனனுக்குப் போய், ராவுக்குப் போய், ‘சரி’ என்று திரும்பி வருகிறவரை நான் செட்டை விட்டு நகரவில்லை.

ராவ் நடுக்கோடு பிசகாமல் இறங்கினார். விசிறிக் காற்றில் இரண்டு பக்கமும் சருகும் தூசியும் பறந்து காய் மட்டும் மிஞ்சியது. “காசு வாங்காமத் தூத்தியே குடுத்துட்டாருங்க!” என்று பழனியம்மாள் கை தட்டினார். ஊரே சிரித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு நான் எத்தனையோ செட் பார்த்துவிட்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நான் உத்தரவு அனுப்பினேன், ராவின் கவலை திரும்பி வந்தது. பழனியம்மாள் கேள்வி அனுப்பினார், ராவே வந்து சேர்ந்தார்.