டிக் வாத்தியார் வண்டிக்கு விளக்கு மாற்றிய கதை

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது அவருடைய லைசென்ஸில் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் டிக் வாத்தியார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் ஒரு பலகை, இரண்டு பக்கமும் பிரேக்: இவ்வளவுதான் பள்ளிக்கூடம். அந்த வண்டி மூன்றாவது கியரின் முகத்தையே பார்த்ததில்லை என்று பின்னால் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கேலி செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில் கற்றுக்கொண்டவர்கள்தான்.

பெயர் வந்த விதம் இப்படி. இண்டிகேட்டரைப் போட்டால் உள்ளே எங்கிருந்தோ டிக், டிக் என்று சத்தம் வரும் இல்லையா? வாத்தியாருக்கு அதுதான் பாடப்புத்தகம். மூணாவது டிக்கில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அஞ்சாவது டிக்கில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். நாலில் திருப்பினால் அவசரக்குடுக்கை, ஆறில் திருப்பினால் தூங்குமூஞ்சி. கை நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு எண்ணுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்தால் தைரியம் வந்துவிடும் என்பது அவர் கட்சி. அது உண்மையும்கூட. அவரிடம் படித்த பல் டாக்டர் இன்றைக்கும் முக்குச் சந்திப்பில் உதடு அசைய எண்ணித்தான் திரும்புவார். எதிரே நிற்கும் வாத்தியாருக்கு அதைப் பார்த்தால் மனசு நிறைந்து போகும்.

ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குத் தன் வீட்டில் மட்டும் பருப்பு வேகவில்லை. அவர் மனைவி டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றிருந்தார்.

அந்த அம்மாளைச் சாதாரணமாக எடைபோட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கால் உடைந்தவர்களுக்கும் இடுப்புப் பிடித்தவர்களுக்கும் உடற்பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிறவர். எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் ஆறடி ஆளையே ஒரு பார்வையில் எழுப்பிவிடுவார். அவருடைய குறையெல்லாம் ஒன்றுதான். அந்தப் பயிற்சி அறை ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழே இருந்த தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை ஒன்று புதிதாக வந்திருந்தது. வண்டி ஆஸ்பத்திரியே கொடுக்கும், லைசென்ஸ் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வந்தால் வேலை அவருக்கு, இல்லையென்றால் பக்கத்து மேஜைக்காரிக்கு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வேலைமேல் அவர் உயிரையே வைத்திருந்தார்.

இரண்டாவது தடவை தோற்றபோது டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் இரண்டு குறை சொன்னார். ஒன்று, வெயிலில் இண்டிகேட்டர் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு, அம்மா ரோட்டைப் பார்க்காமல் திரும்புகிறார். வாத்தியாரின் காதில் முதலாவது மட்டும்தான் ஏறியது. ஏறியதும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. தப்பு மனைவியிடம் இல்லை, மனைவிக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் நிச்சயமாக இல்லை, எல்லாம் பல்பு செய்த வேலை. மறு டெஸ்ட் திங்கட்கிழமை என்று தேதி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் கடை வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வண்டிக்கு அலங்காரச் சாமான் விற்கிறவன். சீட் உறை, ஊதுகுழல், ஒட்டுப்படம், கலர் கலராக எல்.இ.டி. பல்பு, எல்லாம் வைத்திருந்தான். வாயும் வைத்திருந்தான். அக்கா புருஷனின் வண்டியில் கைவைக்க அவன் வருஷக்கணக்காகக் காத்திருந்தான். ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் பல்பு நாலு போதும் என்று வாத்தியார் கறாராகச் சொல்லிப் பார்த்தார். அவன் விடுவானா? பின்னால் பிரேக் லைட் மங்கினால் இன்ஸ்பெக்டர் அதையும் சொல்வாரே என்று ஒரு கொக்கி போட்டான். வாத்தியார் மாட்டிக்கொண்டார்.

உள்ளதிலேயே பளிச்சென்று இருப்பது வெள்ளைதான் என்று பிரேக்குக்கு வெள்ளைப் பல்பு மாட்டினார்கள். வாத்தியார் பிரேக்கை அழுத்த, மச்சான் பின்னால் போய் நின்று பார்த்தான். பார்த்தவன் தலையைச் சொறிந்தான். எதிர்க்கடைத் தையல்காரர்தான் மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வாத்தியார் இறங்கிப் போய்ப் பார்த்தால், சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளைப் பல்பு எரிந்து, வண்டி பின்பக்கம் முழுக்க ரோஸ் பவுடர் பூசிக்கொண்டு நின்றது. கண்ணாடி என்ன நிறமோ பல்பும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை மச்சான் அப்போதுதான் விளக்கமாகச் சொன்னான். முதலிலேயே சொல்லக் கூடாதா என்றால், மாமா கேட்கவில்லையே என்றான். பிறகு சிவப்பு மாட்டினார்கள்.

முன்பக்கம் ஹெட்லைட்டுக்குள் குட்டியாக ஒரு பார்க்கிங் லைட் இருக்குமே, அதற்கு நீலம் போடலாம், அக்காவுக்கு என் பரிசு என்று அடுத்த கொக்கி வந்தது. இலவசம் என்றதும் வாத்தியாரின் கறார் கரைந்துபோனது. தானே மாட்டுவேன் என்று கையை உள்ளே விட்டு, விரலைக் கீறிக்கொண்டு, இரண்டையும் சொருகினார். ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. வெறும் சொத்தைச் சரக்கு, இதை நம்பி வந்தேன் பார் என்று சத்தம் போட்டார். மச்சான் அதே பல்பை உருவி, திருப்பிச் சொருகினான். ஜம்மென்று எரிந்தது.

"பல்பு மேல தப்பு இல்ல மாமா. நீங்கதான் தலைகீழா சொருகியிருக்கீங்க."

வாத்தியார் அசடு வழிந்தார். கடைசியாக இண்டிகேட்டர். ஆரஞ்சு நிறம் வெயிலிலும் கண்ணைப் பறித்தது, அதில் குறையே இல்லை. ஆனால் நிதானமாக அடிக்க வேண்டியது படபடவென்று அடித்துக்கொண்டது. எல்.இ.டி. கொஞ்சமாகத்தான் கரண்ட் குடிக்கும், அதனால் பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று வண்டி நினைத்துப் பதறுகிறது, ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும் என்றான் மச்சான். அந்த ரெசிஸ்டர்தான் கடையில் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் வரும். வேகமாக மின்னினால் என்ன, இன்ஸ்பெக்டரின் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதானே என்று அவன் கேட்டது வாத்தியாருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவருடைய காது அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் தான் மட்டும் ஒருநாளும் எண்ணியதில்லை.

நீல விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது ரோட்டில் ஒருவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். வாத்தியாரின் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல். வேலை முடிந்து வந்த மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது என்ன ஐஸ்கிரீம் வண்டியா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் முன்பக்கம் வந்ததுமே நின்றார். நீல விளக்கு அவசர வண்டிக்குத்தான், அதைக் கழற்றினால் டெஸ்ட், கழற்றாவிட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்றார். அடுத்த மாதம் என்றதும் அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நல்லவேளை, பழைய பல்புகளில் அந்தக் குட்டி இரண்டும் கதவுப் பையில் கிடந்தன. வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஓட்டி முடிப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று, சலவைச் சட்டையோடு மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். நேற்றைய கீறலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கீறல் விழுந்தது. ஒருவழியாக மாற்றிவிட்டார்.

எதற்கும் எல்லா விளக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று இண்டிகேட்டரைப் போட்டார். டிக்டிக்டிக்டிக்டிக்.

அப்போதுதான் உறைத்தது. அஞ்சு டிக் முடிந்தே போய்விட்டது, அவர் இன்னும் கண்ணாடிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. பாவி, எல்லாவற்றையும் மாற்றினாயே, இவள் எண்ணுவதை மறந்தாயே என்று தலையில் அடித்துக்கொண்டு மனைவியிடம் சொல்ல ஓடினார். அதற்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட, அம்மாள் வேறு பக்கமாக வந்து ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். டெஸ்ட் தொடங்கியபின் பேசக் கூடாது. வாத்தியார் கண்ணாடிக்கு வெளியே நின்று, பத்து எண்ணு என்கிற அர்த்தத்தில் பத்து விரலையும் விரித்து விரித்துக் காட்டினார். ஆசீர்வாதம் செய்கிறார் போலிருக்கிறது என்று அம்மாள் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டரும் தனக்குத்தான் வணக்கம் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மைதானத்துக்கு வெளியே நாற்சந்தி. வாத்தியார் சுவரோரம் நின்று பார்த்தார். வண்டி சந்திக்கு வந்தது. இண்டிகேட்டர் படபடவென்று துடித்தது. வலது பக்கமிருந்து லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. இவள் அஞ்சை எண்ணி முடித்தால் நேராக அந்த லாரியின் வாய்க்குள்தான் திரும்புவாள். வேலை போனால் போகட்டும், இவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று மனுஷன் வாய்விட்டே சொன்னார். பழக்க தோஷத்தில் மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதடு அசையவில்லை. தலை அசைந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். லாரியைப் போகவிட்டாள். அதன் பின்னால் வந்த சைக்கிளையும் போகவிட்டாள். பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வண்டி திரும்பியது. வாத்தியார் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டர், அம்மா பாஸ் என்று சொல்லிவிட்டு வாத்தியாரைத் தட்டிக்கொடுத்தார்.

"போன தடவை மாதிரி இல்ல. இன்னிக்கு ரோட்டைப் பாத்து ஓட்டினாங்க. நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. அந்த இண்டிகேட்டரை மட்டும் சரி பண்ணுங்க, எனக்கே படபடன்னு வருது."

வீட்டுக்கு அம்மாள்தான் ஓட்டினார். வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி ஜெயித்ததில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது, ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. எத்தனையாவது டிக்கில் திரும்பினாய் என்று கேட்டார்.

"எங்கங்க எண்ணினேன்? மூணு வர்றதுக்குள்ள அது எங்கேயோ ஓடிப்போச்சு. சரி, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டு ரோட்டைப் பாத்தேன். முன்னாடி ரெண்டு தடவையும் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன், ரோடு எங்க தெரிஞ்சுது?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். கேட்டிருக்க மாட்டார். சந்தோஷத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு முள் தைத்தது. வெட்கமாகக்கூட இருந்தது. முக்குச் சந்திப்பில் பல் டாக்டரின் வண்டி நின்றது, டாக்டரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வாத்தியாருக்கு இந்தத் தடவை மனசு நிறையவில்லை. டாக்டருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

அடுத்த வாரம் மச்சான் ரெசிஸ்டரோடு வந்தான். இனி பழையபடி நிதானமாக, கணீரென்று டிக் டிக் கேட்கும் மாமா என்றான். மாட்டு, ஆனால் அந்தச் சத்தம் உள்ளே கேட்காமல் ஏதாவது பண்ண முடியுமா என்று வாத்தியார் கேட்டார். மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தான். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்தான். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து, சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, சீட் உறைக்கு வைக்கும் பஞ்சால் நன்றாகச் சுற்றிக் கட்டினான்.

அன்று மாலை புதிதாகச் சேர்ந்தவர் தையல்காரர். வாத்தியாரின் புகழ் அவருக்கு ஏற்கெனவே தெரியும். சந்திக்கு வந்ததும் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டிய அம்மாள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, வெயில் முகத்தில் பட இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினார். போகிற போக்கில் புருஷனைப் பார்த்து ஒரு ஹார்ன் அடித்தார்.

"சத்தமே வரலியே சார், எதை எண்ணுறது?" என்றார் தையல்காரர்.

"வராது. நீங்க ரோட்டைப் பாருங்க," என்றார் டிக் வாத்தியார்.