மூடி மேல் போட்ட பழி

அப்பா இருந்தவரை எங்கள் கலர், சோடா எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில்தான். தூத்துக்குடியில் நிரப்பி, சுற்றியிருக்கும் கடற்கரை ஊர்களுக்கு வண்டியில் அனுப்புவோம். அவர் போன பிறகு அண்ணன் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினான். வேதியியல் படித்த தங்கை என்பதால் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. அவன் வாங்கியது சின்னப் பாட்டில், மெலிசானது. விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். நிரப்பிய பெட்டிகள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டு கிடந்தன.

அந்தக் கோடையில் புன்னைக்காயலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன சரக்கு முழுசும் திரும்பி வந்தது. திறந்தால் ‘உஸ்’ என்ற சத்தமே இல்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

அண்ணன் நேராக மூடி போடும் மெஷினுக்குப் போனான். அங்கே நின்ற அக்கா அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வேலை பார்ப்பவள்.

“மூடிய ஒழுங்கா முறுக்காம எங்க பாத்துக்கிட்டு நிக்க?”

“சரியாத்தான் போட்டேன் மொதலாளி.”

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். புதிதாக நிரப்பிய சில பிளாஸ்டிக் பாட்டில்களின் மூடி மேல் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தேன். மிச்சம் கிடந்த கண்ணாடிப் பாட்டில்களிலும் அதே கலரை நிரப்பி, அப்படியே அடைத்து, எல்லாவற்றையும் கொட்டகையிலேயே வைத்தேன். சில வாரம் கழித்துத் திறந்தபோது கண்ணாடியில் கேஸ் சீறியது. பிளாஸ்டிக்கில் செத்துப் போயிருந்தது.

“அண்ணே, மூடில தப்பில்ல. கேஸ் தண்ணில கரையுத மாதிரி பிளாஸ்டிக்லயும் கரையும். பாட்டில் சுவருக்குள்ளயே நகந்து நகந்து வெளிய போயிரும். மெலிசா இருந்தா சீக்கிரம் போவும், சூட்டுல இன்னும் வேகமா போவும்.”

அவன் ஒரு பாட்டிலை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினான்.

“வெளிய போனா குமிழி வரணும்லா. எங்க குமிழி?”

“ஓட்ட இருந்தாதான குமிழி வரும். இது கண்ணுக்குத் தெரியாம கொஞ்சங் கொஞ்சமா போவுது.”

“இந்தப் பாட்டிலு பாலியஸ்டர்தான? அது சேல நெய்யுத சரக்குல்லா? சேலைல காத்து போவும். பாட்டில்ல எப்படிளா போவும்? படிச்ச திமிருல பேசாத.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அந்த அக்காவை நிறுத்திவிட்டான். நான் சண்டை போட்டேன். “யார் மேலயாவது சொல்லணும்லா. கடைக்காரங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?” என்றான்.

பிறகு பாட்டில் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நான் சொன்னதையேதான் சொன்னார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தலையாட்டிக் கேட்டான் அண்ணன். தடித்த பாட்டில் வந்தது. சரக்கு நிழலுக்கு மாறியது. “கேஸ் சுவர் வழியாவே போயிரும் அண்ணாச்சி, நாமதான் கண்டுபிடிச்சு மாத்துனோம்” என்று கடைக்காரர்களிடம் அவன் சொல்லுவதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அந்த அக்காவத் திரும்பக் கூப்பிடலாம்லா?”

“வேற ஆள் போட்டாச்சு.”

அவளைத் தேடிப் போனேன். வேறு எந்த சோடா கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. பேச்சு அதற்குள் பரவியிருந்தது. இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. மூடியில் தப்பில்லை என்றேன்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா,” என்றாள். “ஊருக்கு யாரு சொல்லுவா?”

அண்ணனைச் சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. நான் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் அவன் வீட்டு விசேஷங்களுக்குப் போகிறேன். குளிர்ந்த கலரை உடைத்து நீட்டுவான். வேண்டாம் என்பேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.