கட்டில் அளவு

உரக்கிடங்கு மேஸ்திரியைக் கண்டாலே கடைக்காரர்கள் உள்ளே நழுவப் பார்ப்பார்கள். ஒரு சோப்பு வாங்க வந்தாலும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை மண்ணுல போட்டா என்ன ஆகும்?" என்று ஆரம்பித்துவிடுவார். ஊர்க் குப்பையில் மக்குவதையும் மக்காததையும் இருபத்தெட்டு வருடம் பிரித்துப் போட்ட மனிதர்; தன் சாவை மட்டும் விட்டுவைப்பாரா? "எனக்குச் சாதா மரப்பெட்டி போதும். பாலிஷ், பித்தளைப் பிடி, நைலான் துணி ஒண்ணும் வேண்டாம்" என்று சாப்பிடும் நேரம் பார்த்துச் சொல்லி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர் இறந்த மறுநாள், அந்த மனைவி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு சவப்பெட்டி செய்யும் தச்சரிடம் போனாள். தச்சர் பளபளவென்று ஒரு பெட்டியைக் காட்டினார். அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது மரமா, மரம் மாதிரியா?"

தச்சருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. பாலிஷ் போடாத பலகை, ஆணிக்குப் பதில் மரக்குச்சி, தூக்குவதற்குக் கயிறு என்று எல்லாவற்றையும் தானே சொன்னார். "ஐயா எவ்வளவு நீளம்மா?"

"அஞ்சே முக்கால் அடி" என்றாள், யோசிக்காமல்.

அவள் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைக்கிறவள். வீட்டுக் கட்டிலின் அளவு அவளுக்கு மனப்பாடம். முப்பத்தாறு வருடம் அதில் படுத்தவருக்கு அதே அளவுப் பெட்டி போதாதா என்பது அவள் கணக்கு.

அடக்கம் மறுநாள் நான்கு மணிக்கு. உள்ளே விரிக்கப் பருத்தித் துணி தைத்துக்கொண்டு காலையில் அவள் போனபோது தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சந்தேகத்துக்கு, உடலை வைத்திருந்த ஆஸ்பத்திரியில் விசாரித்திருக்கிறார். மேஸ்திரி ஆறடி இரண்டு அங்குலமாம். பெட்டியோ முடிந்துவிட்டது.

"அந்த நீளத்துக்கு இப்ப தயாரா இருக்கறது பாலிஷ் பெட்டிதாம்மா."

தம்பி தணிந்த குரலில் சொன்னான். "அக்கா, காலைக் கொஞ்சம் மடக்கி வெச்சா இதுலயே சரியாப் போயிடும். மாமா எப்பவும் அப்படித்தானே தூங்குவாரு?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் ஒருக்களித்து, முழங்காலை மடக்கித்தான் தூங்குவார். 'கேள்விக்குறி' என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருப்பாள்! அது பிறவிப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். கட்டில் அவள் முதல் தையல் கூலியில் வாங்கியது. கல்யாணமான புதிதில் அதைக் காட்டி, "சரியா இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டாள். படுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அவர்.

"பாவி மனுஷா" என்று அங்கேயே உடைந்து அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இன்னொரு கட்டில் வாங்கியிருக்க மாட்டேனா?"

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அவள் குரல் கறாராக இருந்தது. "பலகை இருக்கில்ல? புதுசாச் செய்ங்க. ஆறே முக்கால் அடி."

"அவ்வளவு எதுக்கும்மா? நாலு மணிக்குள்ள முடியவும் முடியாதே."

"முடியறப்ப முடியட்டும். வர்றவங்க காத்திருப்பாங்க. இவரு முப்பத்தாறு வருஷம் மடக்கினது போதும்."

தச்சர் ரம்பத்தை எடுத்தார். தம்பி பலகையைப் பிடித்துக்கொடுத்தான். அவள் பட்டறை வாசலில் உட்கார்ந்து, தைத்த துணியைப் பிரித்து ஒட்டுப்போட்டு நீளமாக்கினாள். ஒட்டு கோணல்மாணலாக வந்தது; அவள் கைக்கு அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

ஆறு மணிக்கு அவரைப் பெட்டியில் கிடத்தினார்கள். அவர் கால்கள் நேராக நீண்டிருந்தன. அவள் குனிந்து, "சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

இனிமேல் அவர் பேச்சை நம்புவதாக இல்லை அவள். பாதத்துக்கும் பெட்டிப் பலகைக்கும் நடுவே கையை விட்டு, தானே அளந்து பார்த்துக்கொண்டாள்.