ஆணி அடித்த புளியமரத்தை இழுத்த நாள்

எங்கள் தெருவில் பேய்க்கென்று தனி வீடு இருந்தது. லைன் வீடுகளின் பின்பக்கம், வாய்க்கால் ஓரத்தில் நின்ற புளியமரம்தான் அது. மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்தான் தெரு முழுக்க. யாருக்காவது பேய் பிடித்தால் பூசாரி உடுக்கையோடு வருவார். பிடித்தவரின் உச்சிமுடியில் ஒரு கொத்தைக் கத்தரித்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அறைந்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு பேய்க்கு அங்கேதான் குடித்தனம். நம்மைவிட அதற்கு நல்ல காற்று வருகிறது என்று அப்பா கேலி செய்வார். ஆனால் அந்தப் பக்கம் போகமாட்டார்.

அந்த ஆணிகளில் ஒன்று என் அம்மாவுடையது. யாரும் என்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. நான் போனால் பேச்சை நிறுத்துகிறவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அடித்த புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே படுத்துத் தண்ணீரை மறித்துக்கொண்டது. சாக்கடை வீட்டுக்குள் ஏறி, அடுப்படியில் கணுக்கால் அளவு நின்றது. மெஷின் ரம்பத்தோடு வந்த ஆள் கிளைகளை அறுத்துத் தள்ளினான்; அடிமரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். ஆணியில் பட்டால் ரம்பத்தின் சங்கிலி அறுந்து முகத்தில் அடிக்கும் என்றான். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது கழுத்திலிருந்த தாயத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

அறுக்க முடியாததை முழுசாகத்தான் தெரு வழியாக ரோட்டுக்கு இழுக்க வேண்டும். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அரியாங்குப்பத்தில் தென்னந்தோப்புகளுக்கு உழவு ஓட்டுபவர். ரோடு சரியானதும் தன் சின்ன டிராக்டரோடு வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. மரம் அதைப்போல இரண்டு பங்கு இருந்தது.

மாமா சிரிக்கவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதலில் அதன் முன்நுனியைக் கோடாலியால் சீவி மழுக்கினார். இல்லாவிட்டால் அது மண்ணைக் குத்திக்கொண்டு நிற்குமாம். சங்கிலியை வண்டியின் அடியில், மிகத் தாழ்வான கொக்கியில் மாட்டினார். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுகிறவன் மேலேயே கவிழ்ந்துவிடும் என்று என்னிடம் சொன்னார். சங்கிலி எட்டும் தூரத்தில் ஈ காக்கை நிற்கக்கூடாது என்று எல்லோரையும் விரட்டினார். கடைசியாகச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதுவும் பாதுகாப்புதான்.

அப்போதுதான் எதிர்வீட்டு அத்தை வந்தாள். தெருவில் சாமி, பேய் இரண்டுக்கும் அவள்தான் சட்டம்.

"இழுக்கறப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தவங்ககூட அது வந்துடும். எல்லாம் செவுத்தப் பாத்து நில்லுங்க. தம்பி, நீயுந்தான்."

"பின்னாடி பாக்காம எப்படி இழுக்கறது? கண்ணு பூரா பின்னாடிதான் இருக்கணும்."

"ஒங்கக்காவ நெனச்சிப் பாரு. திரும்ப அது அவகிட்ட வரணுமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, தலையை நேராக வைத்துக்கொண்டார். அவ்வளவு முறையும் தெரிந்த மனிதர், அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டுவிட்டார்.

அம்மாவைத் தனியாக நிற்கவைத்தார்கள். எங்கள் வீட்டு வாசற்படியில், உள்ளே பார்த்தபடி. அப்பா என்னை எதிர்ச்சுவரோடு சேர்த்துப் பிடித்து, கையால் என் கண்ணைப் பொத்தினார். புயல் மேகம் இன்னும் கலையவில்லை. பகலிலேயே தெரு மங்கிக் கிடந்தது. இஞ்சின் உறுமியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஏதோ ஒன்று மண்ணைப் பிராண்டிக்கொண்டே போக மனமில்லாமல் போகிற சத்தம்.

எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பி, அப்பாவின் விரலிடுக்கில் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் வெறும் முதுகுகள். நடுவில், மாமா கை கால் ஓடாமல் சிலைபோல முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, டிராக்டரின் முன்சக்கரங்கள் மெல்லத் தரையை விட்டு எழுந்தன. அந்தரத்தில், அவசரமே இல்லாமல் சுழன்றன. பின்னாலிருந்து அது மாமாவை இழுக்கிறது என்று நினைத்தேன்.

"டேய் தம்பி! கிளச்ச அமுக்குடா!"

அம்மாவின் குரல். சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. மண்ணுக்குள் புதைந்திருந்த கல்லில் மரம் மூக்கை மாட்டிக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தாழ்வாகக் கட்டியதால்தான் மாமா உயிரோடு இருந்தார்.

"பாத்துட்டியேடி பாவி!" என்று அத்தை சுவரைப் பார்த்தபடியே அலறினாள்.

"பாத்தாச்சில்ல? இனிமே நானே பாத்துக்கறேன்," என்றாள் அம்மா.

கல்லைப் பெயர்த்த பிறகு, சங்கிலி எட்டாத தூரத்தில் ஒதுங்கி, மரத்துக்கு இணையாக அவள் நடந்தாள். கையால் சாடை காட்டினாள்; மாமா அவளைப் பார்த்து ஓட்டினார். முதுகுகளுக்கு நடுவே அம்மாவும் அந்த மரமும் சேர்ந்து ஊர்வலம்போல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ரோட்டை அடைந்து இஞ்சின் அணைந்ததும், மரத்தருகே போய்த் தேடாமலேயே ஓர் ஆணியைத் தொட்டாள். துருவேறிப் பாதி பட்டைக்குள் போயிருந்தது. முடி ஒன்றும் இல்லை. மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சாயங்காலம் அம்மா என்னை இழுத்து மடியில் வைத்து, "பயந்துட்டியாடி?" என்று கேட்டாள். அப்படி அவள் என்னை வைத்துக்கொள்வது வழக்கமில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அது திரும்பிவிட்டது, இது அம்மா இல்லை என்று நினைத்தேன். பல நாள் அவள் நடக்கும்போது பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆணிக்கும் எனக்கும் ஒரே வயது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எனக்குக் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தபின் அது அழுதால் யார் வீட்டிலோ அழுவதுபோல் இருந்தது. தூக்கப் பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஒருநாள் என்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழந்தையை அப்பா கையில் கொடுத்துவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்கு, மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது. "நீ பொறந்து ஒரு மாசம்கூட ஆவல. ஒன்னத் தூக்கிக்கினு கெணத்தாண்ட போய் நின்னுடுவேன். பயந்துபோய் நானேதான் ஒங்கப்பாகிட்ட சொன்னேன். பூசாரிய கூட்டியாந்தாங்க."

நான் இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அப்புறம் அன்னிக்கி ஏம்மா அந்த மரத்தத் திரும்பிப் பாத்த?"

"மரத்த யாருடி பாத்தா? ஒங்கப்பா ஒங்கண்ணப் பொத்தியிருந்தாரு. அழுவுறியோன்னு ஒன்னத்தான் திரும்பிப் பாத்தேன். அப்பதான் சக்கரம் தூக்கறது தெரிஞ்சுது."

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.