ஒப்புதல் படிவத்தின் ஆறாவது பிரிவு

உயிரித் தொழில்நுட்பச் சட்டமும் அறநெறியும் என்பது, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடுகிற தொழில். மைசூரில் ஒரு சட்டக் கல்லூரியில் இருபது வருஷமாக அதைத்தான் நடத்துகிறேன். விதை, ரத்தம், மரபணு இவற்றை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது பாடம். மிச்ச நேரத்தில், ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவங்களை எழுதித் தருகிறேன். எங்கேயாவது படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ‘எதுக்குப் போட்டோம்?’ என்று யோசித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி.

கொய்யாவுக்கு ஒரு சான்றிதழ்

மைசூரில் அக்ரஹாரம் என்ற பகுதியில், எங்கள் தெருமுனையில் செல்வம் பழவண்டி வைத்திருக்கிறார். யாரோ போனில் வீடியோ பார்த்துவிட்டு, ‘இவ்வளவு பெரிய கொய்யா ஜீன் மாற்றியதாகத்தான் இருக்கும்’ என்று சொல்லி வாங்காமல் போய்விட்டார்களாம். ஒட்டுக்கட்டுவது வேறு, மரபணு மாற்றுவது வேறு என்று நான் அவருக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். அதற்குள் அவர் மூன்று பேருக்குப் பழம் நிறுத்துப் போட்டுவிட்டார். கடைசியில் பொறுமையாகச் சொன்னார்:

“நீங்க சொன்னதெல்லாம் சரி மேடம். இதையே ஒரு வரியில எழுதி சீல் போட்டுக் குடுங்க, தராசுல தொங்கவிட்டுக்கறேன்.”

சாதாரண ஆள்

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். குழுவில் டாக்டர், விஞ்ஞானி, வக்கீல் தவிர, இந்தத் துறை எதையும் படிக்காத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவின் சாதாரண ஆள் முருகேசன். பட்டு நெசவு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையும் சிவப்புப் பேனாவுமாக வருவார்.

பரம்பரையாக வரும் ஒரு ரத்தசோகை பற்றிய ஆராய்ச்சிக்கு நான் பதினாலு பக்கத்தில் படிவம் எழுதியிருந்தேன். எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘அருமை’ என்றார்கள். நான் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முருகேசன் மட்டும் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“மேடம், ‘நான் புரிந்துகொண்டேன்’னு இதுல ஒன்பது இடத்துல இருக்கு. எனக்கு ஒரு இடத்துலகூடப் புரியலயே.”

கிணற்றுத் தண்ணீர்

முருகேசனுக்காக வாக்கியங்களைச் சின்னதாக்கினேன். ஆறாவது பிரிவை மட்டும் தொடவில்லை. ‘பரிசோதனையில் தெரியவரும் முடிவுகள் ரத்தம் கொடுத்தவருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா’ என்பது அது. ஆராய்ச்சிக்கூடத்துப் பரிசோதனை தவறாகவும் போகலாம். பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகலாம். எல்லாம் நியாயமான காரணங்கள், கருத்தரங்குகளில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்தவை.

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் போனேன். பழனியம்மாள் என்பவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அவருடைய தங்கை மகனுக்கு அதே நோய். மாதாமாதம் மைசூருக்குக் கூட்டி வந்து ரத்தம் ஏற்றுகிறார்கள். பழனியம்மாளின் மகள் கவிதாவுக்கு, சொந்தத் தாய்மாமன் மகன் செந்திலோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இந்த நோயின் கூறு ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு நோய் வராது. இருவரிடமும் இருந்தால்தான் ஆபத்து. கவிதா படிவத்தைக் கன்னடத்தில் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாவது பிரிவு வந்ததும் பழனியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க, எங்க கிணத்துத் தண்ணிய மொண்டு பாத்துப்போட்டு, அதைக் குடிக்கலாமா வேண்டாமான்னு சொல்லாமப் போறதுக்கு நாங்க கையெழுத்துப் போடோணுங்களா?”

நான் போட்ட கையெழுத்து

அந்த வாரமே பித்தப்பைக் கல்லுக்காக நான் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. நர்ஸ் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினார். வலியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வலி குறைந்ததும் வாங்கிப் பார்த்தால், என் ரத்தத்தையும் திசுவையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அது நான் போட்டதல்ல. வருஷா வருஷம் மாணவர்களுக்கு நான் சுட்டிக் காட்டும் தவறு அது. அவமானமாக இருந்தது. நர்ஸைக் கேட்டேன். ‘சும்மா’வுக்குக் கன்னடத்து ‘சும்னே’ போட்டுச் சொன்னார்:

“யாரும் படிக்க மாட்டாங்க மேடம், சும்னே லேட் ஆகுது. அதான் நாங்களே டிக் போட்டு வெச்சுடறோம்.”

நீங்களே கேட்டுச் சொல்லுங்க

உடம்பு தேறி வீடு திரும்பியதும், நான் எழுதிய பிரிவுக்கு எதிராக நானே குழுவில் வாதாடினேன். டாக்டர் என்னுடைய பழைய கட்டுரையையே எடுத்துக் காட்டி மறுத்தார். முருகேசன் என் பக்கம் நின்றார். கடைசியில் பிரிவு மாறியது. விரும்பினால் முடிவு சொல்லப்படும். ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்து உறுதி செய்த பிறகு, ரத்தம் கொடுத்தவரிடம் மட்டும், தனியாக. கவிதாவும் செந்திலும் கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் பழனியம்மாள் போன் செய்தார். மகள் ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவைக் கேட்டுக்கொண்டு வந்தாளாம், வந்ததிலிருந்து பேச்சில்லையாம். அந்த முடிவு எனக்கும் தெரியாது, கேட்கவும் உரிமையில்லை என்றேன். ஆனால் பயமாக இருந்தது. இருவருக்கும் இருந்து கல்யாணம் நின்றால், அது என் பிரிவால் நின்ற கல்யாணம். பழனியம்மாளுக்கு என் சட்டமெல்லாம் பொருட்டாகவே இல்லை.

“நீங்க எழுதுன காயிதந்தானுங்க. நீங்களே அவளைக் கேட்டுச் சொல்லுங்க.”

மஞ்சள் தடவிய உறை

மூன்று வாரம் நல்ல தூக்கமில்லை. ஒரு நாள் கல்லூரி முகவரிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை வந்தது. மாப்பிள்ளை பெயரைத்தான் முதலில் தேடினேன். செந்தில்தான். பத்திரிகையின் பின்பக்கத்தில் கவிதா கன்னடத்தில் நாலு வரி எழுதியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம் மேடம். ஒருத்தருக்கு மட்டும்தான் இருக்கு. யாருக்குன்னு அம்மாவுக்கும் சொல்லல, மாமாவுக்கும் சொல்லல. நீங்களும் கேக்காதீங்க.”

இருபது வருஷமாக நான் எழுதிய படிவங்களை முழுசாகப் படித்தவர்கள் முருகேசனும் கவிதாவும் ஆக இரண்டே பேர், மூன்றாவது ஆளாக இப்போதுதான் நானும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.